கிண்ணத்தில் காயும் கிரீம்

எண்ணூருக்கு அருகிலுள்ள விம்கோ நகரில், ஷேவிங் கிரீமைக் கிண்ணத்தில் பிதுக்கிக் காயவைத்தால் ஷேவிங் சோப்பாகிவிடுமா? பாதிதான் ஆகும். கிரீமும் சோப்புதான், அதில் தண்ணீர் அதிகம். தண்ணீர் ஆவியானபின் மிஞ்சுவதை ஈர பிரஷால் தேய்த்தால் நுரை வரும். ஆனால் கட்டி சோப்பைப் போல இறுகாது. கிரீமில் பெரும்பாலும் இருப்பது பொட்டாசியம் சோப்பு. அது இயல்பிலேயே மென்மையானது. கட்டிக்கு உறுதி தருவது சோடியம் சோப்பு. போதாததற்குக் கிளிசரின் வேறு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். எண்ணூர்க் கடற்காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்! காய்ந்தது நெடுநாள் வருகிறதே என்பார்கள். உண்மைதான், ஆனால் சோப்பின் அளவு கூடவில்லை. பிரஷ் குறைவாக எடுக்கிறது, அவ்வளவே. ட்யூபில் மிஞ்சியதைக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். கட்டிதான் வேண்டுமென்றால் கட்டி சோப்பையே வாங்குங்கள்.