விடை தெரியாத வினாவும் விடுமுறை மாணவரும்

பி.எஸ்ஸி. முதலாண்டு மாணவர் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் செய்கிற தொடக்கச் சோதனைகளுள் ஒன்று கூட்டு ஊசல். அதைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பைக் காணவேண்டும். கணக்கை முடித்ததும் 9.8 வந்திருக்கிறதா என்று பார்ப்பார். 9.3 என்று வந்துவிட்டால் முகம் வாடிவிடும். பக்கத்து மேசை நண்பரின் குறிப்பேட்டை எட்டிப் பார்ப்பார். பிறகு அலைவு நேரத்தில் எங்கோ ஒரு சிறு ‘திருத்தம்’ நிகழும். விடை சரியாக வந்துவிடும். இதைப் படிக்கும் மாணவர் யாரேனும் புன்னகை செய்தால் நான் சொல்வது பொய்யில்லை என்று பொருள்.

குற்றம் மாணவருடையது மட்டும் அன்று. விடை முன்கூட்டியே தெரிந்த சோதனையில் விடையைத் தொடுவதே குறிக்கோளாகி விடுகிறது. கருவியைக் கையாளவும் பிழையை மதிப்பிடவும் அத்தகைய பயிற்சி தேவைதான். ஆயினும் அதற்கு ஆராய்ச்சி என்று பெயரில்லை. ஆராய்ச்சியில் விடை மாணவருக்கும் தெரியாது, வழிகாட்டும் ஆசிரியருக்கும் தெரியாது. பட்டப்படிப்பே முடியாத ஒருவர் கையில் அப்படிப்பட்ட வினாவைக் கொடுக்கலாமா? கொடுத்தால் என்ன ஆகும்? விடுமுறையில் உதவித்தொகை பெற்று ஆய்வு செய்த ஒரு மாணவியின் கதையையும், பழைய பதிவுகளைத் துழாவிய ஒரு மாணவரின் கதையையும் பார்ப்போம். இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே புதிரின் இரு முனைகளைத் தொட்டார்கள்.

முதலில் புதிர் என்னவென்று தெரிந்துகொள்வோம். பேரண்டத்தில் உள்ளவற்றுள் சுமார் 5 விழுக்காடுதான் நமக்குப் பழக்கமான பொருள். அதாவது புரோட்டான், நியூட்ரான், எலெக்ட்ரான் ஆகியவற்றால் ஆன பொருள். கல்லும் மண்ணும் நாமும் விண்மீன்களும் இந்த ஐந்துக்குள் அடக்கம். மீதியெல்லாம் கரும்பொருளும் கரும்ஆற்றலும். அந்தப் பெரும் புதிரை இங்கே தொடப்போவதில்லை. இந்த ஐந்திலேயே ஒரு கணக்கு இடித்தது. பேரண்டத்தின் இளமைக் காலத்திலிருந்து வரும் நுண்ணலைகளைக் கொண்டு பழக்கமான பொருள் மொத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிடலாம். ஆனால் இன்றைய விண்மீன் மண்டலங்களில் உள்ள விண்மீன்களையும் வாயுவையும் எண்ணிக் கூட்டினால் ஏறத்தாழப் பாதிதான் தேறியது. சந்தைக்குப் போய் வந்தவர் கையில் பாதிப் பணத்துக்குத்தான் கணக்கு இருக்கிறது என்றால் வீட்டில் சும்மா விடுவார்களா? வானியலாரும் விடவில்லை.

மீதிப் பாதி எங்கே போயிருக்கும் என்பது பற்றி ஓர் ஊகம் இருந்தது. விண்மீன் மண்டலங்கள் விண்வெளியில் சீராகத் தூவப்பட்டிருக்கவில்லை. சிலந்தி வலை போல இழைகளாகவும் முடிச்சுகளாகவும் அமைந்துள்ளன. அந்த இழைகளில் பல லட்சம் டிகிரி வெப்பத்தில், மிகமிக மெல்லிய வாயுவாகக் காணாமற்போன பொருள் பரவியிருக்கலாம் என்று கருதினார்கள். அவ்வளவு வெப்பமான வாயு எக்ஸ் கதிர்களை வெளியிடும். ஆனால் அது மிக மெல்லியதாக இருப்பதால் அந்த ஒளி பின்னணி இரைச்சலில் மூழ்கிவிடும்.

இந்த இடத்தில்தான் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் படித்துவந்த அமெலியா பிரேசர்-மெக்கெல்வி வருகிறார். விமானவியல் பொறியியலும் அறிவியலும் இணைந்த பட்டப்படிப்பு மாணவி அவர், வயது 22. கோடை விடுமுறை உதவித்தொகை ஒன்றின் கீழ் கெவின் பிம்பிளெட், யாஸ்மினா லாசென்டிச் என்னும் இரு வானியலாரிடம் சேர்ந்தார். மூன்று மாத வேலை. கொடுக்கப்பட்ட பணியைச் சொன்னால் சப்பென்றிருக்கும்: ‘பழைய படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்.’

1990-இல் ஏவப்பட்ட ரோசாட் என்ற செயற்கைக்கோள் வானம் முழுவதையும் எக்ஸ் கதிரில் படமெடுத்திருந்தது. ஆஸ்திரேலியாவில் உள்ள தொலைநோக்கி ஒன்று 1997 முதல் 2002 வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்களின் தொலைவுகளை அளந்திருந்தது. இந்த அளவீட்டிலிருந்து இழைகள் எங்கெங்கே உள்ளன என்ற பட்டியலைப் பிம்பிளெட் குழுவினர் 2004-இலேயே தயாரித்துவிட்டார்கள். ஆக, படமும் இருந்தது, முகவரியும் இருந்தது. இரண்டையும் பொருத்திப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது.

அடுக்குவதால் என்ன பயன்? பேருந்து நிலையத்து இரைச்சலில் ஒருவர் மெதுவாக ஒரு சொல்லைச் சொன்னால் காதில் விழாது. நாற்பது பேர் அதே சொல்லை ஒரே நேரத்தில் மெதுவாகச் சொன்னால் கேட்டுவிடும். குறி ஒவ்வொரு படத்திலும் ஒரே பக்கமாகச் சேர்கிறது; இரைச்சலோ ஒன்றில் கூடி மற்றொன்றில் குறைந்து பெரும்பாலும் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. படங்களின் எண்ணிக்கை கூடக் கூடக் குறி அதே விகிதத்தில் வளரும். இரைச்சல் அந்த எண்ணிக்கையின் வர்க்கமூல அளவில்தான் வளரும். அமெலியா எடுத்துக்கொண்டவை 41 இழைகள். 41-இன் வர்க்கமூலம் சுமார் 6.4. ஆகவே ஒரு படத்தில் தெரியாதது, அடுக்கிய படத்தில் ஆறு மடங்குக்குச் சற்று அதிகமான தெளிவோடு எழும். கேட்பதற்கு எளிது. ஆனால் இழைக்கு முன்னும் பின்னும் தற்செயலாக நிற்கிற பிற எக்ஸ் கதிர் மூலங்களை ஒவ்வொன்றாக அடையாளங்கண்டு விலக்காவிட்டால் அடுக்கல் முழுவதும் பாழாகிவிடும். இத்தகைய ஆராய்ச்சியில் பெரும்பொழுது இந்தக் களையெடுப்பில்தான் போகும்.

குறி கிடைத்தது. அதிலிருந்து கணக்கிட்ட எலெக்ட்ரான் அடர்த்தி, ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.0004. அதாவது இரண்டு மூன்று லிட்டர் கொள்ளும் தூக்குப்பாத்திரம் ஒன்றில் ஒரே ஓர் எலெக்ட்ரான்! நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் மூலக்கூறுகளை எழுத 2.5-க்குப் பின்னால் பத்தின் 19-ஆம் அடுக்கைப் போடவேண்டும். ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டுரை 2011-இல் இங்கிலாந்தின் வேந்தர் வானியல் கழக மாத இதழில் வெளியாயிற்று. ஆசிரியர் வரிசையில் முதற்பெயர் மாணவியினுடையது.

செய்தித்தாள்கள் ‘பேரண்டத்தின் காணாமற்போன நிறையை மாணவி கண்டுபிடித்தார்’ என்று கொட்டை எழுத்தில் போட்டன. இது மிகை. அவர் அளந்தது ஒரு குறிப்பிட்ட வகை இழைகளின் சராசரி அடர்த்தியை. மொத்தக் கணக்கு அத்தோடு தீர்ந்துவிடவில்லை. வேறு முறைகளில் 2017, 2018 ஆண்டுகளிலும் சான்றுகள் சேர்ந்தன. கட்டுரையிலேயே ஒரு வினாவுக்கு ‘இது இன்னும் தெளிவாகவில்லை’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த வரி செய்தித்தாள் தலைப்பைவிடப் பெரிதாகப் படுகிறது. 9.3-ஐ 9.8 ஆக்கும் பழக்கத்தில் வளர்ந்தவர் அந்த வரியை எழுதமாட்டார்.

இனி மற்ற மாணவர். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இயற்பியலோடு அரசியல் அறிவியலையும் படித்துக்கொண்டிருந்தவர் டேவிட் நார்கெவிக். பேராசிரியர் டங்கன் லோரிமர் அவரிடம் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி 2001-இல் எடுத்துவைத்த பதிவுகளைத் துழாவும் பணியைக் கொடுத்தார். மெகல்லன் மேகங்கள் எனப்படும் அண்டை மண்டலங்களின் திசையில் துடிப்பு விண்மீன்கள் தேடி எடுத்த பதிவுகள் அவை. மாணவர் கொண்டுவந்து காட்டியது வேறொன்று: 5 மில்லி நொடிக்கும் குறைவான நேரமே நீடித்த, ஆனால் கருவியே திணறும் அளவுக்கு வலுவான ஒரு வானொலி வெடிப்பு. 2007-இல் அறிவிக்கப்பட்ட அதன் பிறகுதான் ‘விரைவு வானொலி வெடிப்பு’ என்ற புதிய இனமே வானியலில் தோன்றியது.

அது தொலைவிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? விண்வெளியில் உதிரியாகத் திரியும் எலெக்ட்ரான்கள் வானொலி அலைகளைத் தாமதப்படுத்துகின்றன. அதிர்வெண் குறைந்த அலைக்குத் தாமதம் அதிகம். அலைவெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் தாமதம் அமையும். ஒரே கணத்தில் புறப்பட்ட வெடிப்பு, தொலைநோக்கியின் அலைவரிசைக்குள் உயர்ந்த அதிர்வெண்ணில் முதலிலும், தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒரு நொடியின் மூன்றிலொரு பங்கு கழித்தும் வந்து சேர்ந்தது. இந்தப் பிளவு வழியில் சந்தித்த எலெக்ட்ரான்களின் மொத்த எண்ணிக்கையைக் காட்டிவிடுகிறது. நம் பால்வழி மண்டலத்தால் தரக்கூடியதைவிட அது பல மடங்கு. ஆகவே வெடிப்பு வெகு தொலைவில் நிகழ்ந்திருக்கவேண்டும்.

பலர் நம்பவில்லை. அதே தொலைநோக்கியில் இதைப் போன்ற வேறு குறிகளும் அகப்பட, ஐயம் வலுத்தது. அந்தப் போலிக் குறிகள் எங்கிருந்து வந்தன என்பது 2015-இல் தெரிந்தது: ஆய்வு நிலையத்துச் சமையலறை நுண்ணலை அடுப்பின் கதவை, அடுப்பு நிற்கும் முன்பே யாரோ திறந்ததால்! ஆனால் 2001-ஆம் ஆண்டு வெடிப்பு அந்த வகையைச் சேர்ந்ததல்ல. 2013-இல் மேலும் நான்கு வெடிப்புகள் அறிவிக்கப்பட்டபோதே அது உறுதிப்பட்டுவிட்டது.

இப்போது இரு கதைகளும் சேரும் இடத்துக்கு வருகிறோம். 2020-இல் ஜான்-பியேர் மக்கார்ட் தலைமையிலான குழுவினர், எந்த மண்டலத்திலிருந்து வந்தவை என்று தெரிந்த ஒரு சில வெடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். தொலைவும் தெரியும், தாமதமும் தெரியும். எனவே இடையில் உள்ள எலெக்ட்ரான்களை எண்ணிவிடலாம். எண்ணினார்கள். காணாமற்போன பாதி கணக்கில் வந்துவிட்டது. மாணவர் ஒருவர் பழைய பதிவில் கண்ட வெடிப்பு, மாணவி ஒருவர் பழைய படத்தில் தேடிய பொருளை எடைபோடும் தராசாயிற்று.

இருவருமே புதிய கருவி எதையும் கேட்கவில்லை என்பதை நம் கல்லூரிகள் கவனிக்கவேண்டும். கணிப்பொறியும், நேரமும், வினாவை எடுத்துக் கொடுக்க ஓர் ஆசிரியரும் இருந்தார்கள். விடுமுறையில் வேறு வேலைக்குப் போய்ப் பொருள் ஈட்ட வேண்டிய நிலையில் உள்ள மாணவருக்கு இன்னொன்றும் தேவை. அது உதவித்தொகை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனம் 1958-இலேயே பட்ட மாணவர் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்கரெட் மக்விகார் 1969-இல் தொடங்கிய திட்டம் பல நாடுகளுக்கு முன்மாதிரியாயிற்று.

நம் நாட்டில் திட்டம் வருமுன்னரே ஆள் வந்துவிட்டார் எனலாம். 1906-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. மாணவராயிருந்த சி.வி. ராமன் 18-ஆம் வயதில் லண்டன் இதழொன்றில் ஒளியின் விளிம்பு விளைவு பற்றி எழுதினார். 1928-இல் அதே கல்லூரிக்கு வந்த ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டை, விடுதி அறைக்கே சென்று பார்த்தவர் பட்ட வகுப்பு மாணவர் சந்திரசேகர். ‘நீ படித்த அணு இயற்பியல் பழையதாகிவிட்டது’ என்ற செய்தியும், அச்சேறாத ஒரு கட்டுரையின் மெய்ப்பும் அவருக்கு அங்கே கிடைத்தன. மறு ஆண்டே இங்கிலாந்து ராயல் கழக இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. 1930-இல் இந்திய அரசின் உதவித்தொகை அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது.

ஆனால் எல்லோர் ஊருக்கும் சோமர்ஃபெல்ட் வருவதில்லை. ராமன் 1934-இல் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் 1995-இல் கோடை ஆய்வு உதவித்தொகையைத் தொடங்கியது; 2007 முதல் தில்லி, அலகாபாத் ஆகிய இடங்களிலுள்ள மற்ற இரு கழகங்களும் சேர்ந்துகொண்டன. தேர்வாகும் மாணவர் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் பணி செய்யலாம். 1999-இல் தொடங்கிய கிஷோர் வைக்ஞானிக் ஊக்கத் திட்டம் 2022-இல் நிறுத்தப்பட்டு, 2008-இல் பிறந்த ‘இன்ஸ்பயர்’ திட்டத்தோடு இணைக்கப்பட்டது. இன்ஸ்பயரில் ஆண்டுக்கு 12,000 உதவித்தொகைகள் என வகுக்கப்பட்டுள்ளது. பன்னிரண்டாம் வகுப்பில் தம் கல்வி வாரியத்தின் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து, அடிப்படை அறிவியல் படிப்பவர் விண்ணப்பிக்கலாம். தமிழ் வழியில் தேர்வு எழுதியவருக்கும் இது பொருந்தும். ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 படிப்புக்கு; 20,000 கோடைக்கால ஆய்வுக்கு.

அந்த இருபதாயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தொகையைப் பெற ஓர் ஆய்வறிக்கை தேவை என்பதால், எங்கிருந்தோ எடுத்த இருபது பக்கங்களைக் கட்டிக் கையொப்பம் வாங்குகிற வழக்கத்தைச் சில இடங்களில் கண்டிருக்கிறேன். மாணவர் ஏமாற்றுவது அரசையன்று. ஒரு கோடையை இழப்பவர் அவர்தாம். கையொப்பமிடும் எங்களுக்கும் அதில் பங்குண்டு.

கழகங்களின் கோடைத் திட்டத்துக்கு அறிவிப்பு வழக்கமாக ஆண்டின் இறுதி மாதங்களில் வரும். மதிப்பெண் பட்டியலோடு ஓர் ஆசிரியரின் பரிந்துரையும், எதில் ஆர்வம், ஏன் என்று மாணவரே எழுதிய ஒரு சிறு குறிப்பும் கேட்பார்கள். தமிழ் வழி மாணவர் தயங்குவது இந்தக் குறிப்பில்தான். ஆங்கிலம் அழகாக இருக்கவேண்டியதில்லை. முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். ‘எனக்குச் சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்’ என்று தொடங்காதீர்கள். எந்தச் சோதனையில் எந்த அளவீடு உங்களுக்குப் புரியாமல் போயிற்று, அதற்கு நீங்கள் என்ன காரணம் நினைத்தீர்கள், அதை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று எழுதுங்கள். பிறகு எளிய ஆங்கிலத்தில் மாற்றி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். அவரும் விண்ணப்பிக்கலாம், அதே திட்டத்தில் ஆசிரியர்களுக்கும் இடம் உண்டு.