முல்லையும் பர்கூர் மலையும்

ஆறாம் ஆண்டு மாணவர்க்கு ஐவகை நிலங்களை விளக்கிக் கொண்டிருந்தேன். முல்லைக்கு வந்ததும் ஒரு சிறுவன் எழுந்து, “ஐயா, முல்லை நிலம் இப்பொழுது எங்கே இருக்கிறது?” என்று கேட்டான். ‘அது பழங்காலத்துச் செய்தி’ என்று விடையிறுத்துவிடுதல் எளிது, ஆனால் உண்மையாகாது. காட்டு மேய்ச்சலை நம்பி வாழும் மக்கள் தமிழ்நாட்டு மலைகளில் இன்றும் உளர். அவர்களுள் ஒரு சாராரின் நிலையை ஈண்டுக் காண்போம்.

ஈரோடு மாவட்டம் அந்தியூர் வட்டத்தில், கருநாடக எல்லையை ஒட்டி அமைந்தது பர்கூர் மலை. கிருட்டிணகிரி மாவட்டத்துப் பர்கூர் வேறு. இம்மலையில் கன்னடம் பேசும் இலிங்காயத்தாரும் சோளகரும் வாழ்கின்றனர். இங்கு வளர்க்கப்படும் மாட்டினம் மலையின் பெயராலேயே வழங்குகிறது. காங்கேயம், உம்பளாச்சேரி, புலிக்குளம், ஆலம்பாடி என்பன போலத் தனி இனமாக ஏற்கப்பட்டது அது. செம்பழுப்பு உடலும் அதன்மேல் வெள்ளை மறைகளும் அதன் அடையாளம். கல்லும் மேடும் நிறைந்த நிலத்தை உழுவதற்கும் விரைந்து நடப்பதற்கும் ஏற்றது. பால் மிகுதியாகக் கறவாது. ஆயினும், காட்டுப் புல்லையும் தழையையும் மேய்ந்தே வாழும் ஆற்றல் உடையது.

இம்மாடுகளைக் காட்டினுள் பட்டி அமைத்து அடைப்பர். பகலெல்லாம் மேயவிட்டு, மாலையில் பட்டிக்கு ஓட்டி வருவர். கன்று விற்பனையும் எரு விற்பனையும் இவர்களுக்கு வருவாய். ஆடி மாதம் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடும் கால்நடைச் சந்தை பெரும்புகழ் வாய்ந்தது. பட்டியும் சந்தையும் நிலைபெறுவது மேய்ச்சலால்தான்.

அம்மேய்ச்சலுக்கே இப்பொழுது இடர் நேர்ந்துள்ளது. 2022 மார்ச்சு மாதம் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்தது. அதே மாதத்தில் அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவில் சுருக்கிற்று. மறு ஆண்டே, பர்கூர் மலைக் காடுகளை உள்ளடக்கித் தந்தை பெரியார் பெயரால் வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்படும் என்று அரசு அறிவித்தது. சுருங்கிய தடை இவர்கள் வாயிலுக்கே வந்துவிட்டது.

காட்டை அழிய விடலாகாது என்பதில் ஐயமில்லை. கோமாரி போன்ற நோய்கள் மாடுகளிடமிருந்து மான்களுக்கும் காட்டெருமைகளுக்கும் பரவக்கூடும். எனினும், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டை நம்பி வாழ்வோரின் மேய்ச்சல் உரிமையையும் ஏற்றிருக்கிறது. இரண்டையும் இசைவிப்பதே அறிவுடைமை. ஸ்பானிய நாட்டில் மலைக்கும் சமவெளிக்கும் மந்தைகள் சென்றுவரும் பழைய வழிகளை, 1995இல் இயற்றிய ஒரு சட்டத்தின் மூலம் பொதுச் சொத்தாகக் காத்துள்ளனர்.

மேய்ச்சல் நின்றால் என்ன ஆகும் என்பதை நான் இந்த ஜொகூரிலேயே கண்டேன். என் சிறுவயதில் பால்மரங்களின் நிழலில் தோட்டத்து மாடுகள் மேய்ந்தன. அம்மா பால் விற்ற காசில்தான் எனக்குப் புத்தகங்கள் வாங்கினார். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது, இளங்கன்றுகளைக் கடித்துவிடும் என்று மாடுகளைத் தோட்டத்துக்குள் விடவில்லை. ஒவ்வொரு வீடாக மாடுகளை விற்றார்கள். முதலில் கொட்டகை போயிற்று; பிறகு கழுநீர்த் தொட்டி போயிற்று; பிறகு கிடேரி, காளாங்கன்று, சினைமாடு என்னும் சொற்களும் பேச்சிலிருந்து போயின. இன்று அவற்றை நான் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்லவேண்டியிருக்கிறது.

பர்கூர் மாட்டுக்கென ஆராய்ச்சி நிலையம் ஒன்று அம்மலையில் உண்டு. அது நற்பணியே. ஆனால், மேய்ச்சற் காட்டையும் மேய்ப்பவரையும் நிலையத்தின் வேலிக்குள் வைத்துக் காக்க இயலாது.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை முல்லையைக் கற்பிக்கும்பொழுது, வரைபடத்தில் பர்கூர் மலையைச் சுட்டிக் காட்டுங்கள். அந்தச் சிறுவனுக்கு நான் அதைத்தான் செய்தேன்.