கொல்கத்தாவின் தலைக்கு மேல் ஒரு குளம்

ஹௌரா பாலத்தைப் படம் எடுக்காமல் கொல்கத்தாவிலிருந்து திரும்புகிறவர்கள் குறைவு. வடக்குக் கொல்கத்தாவில் நிற்கும் டாலா தண்ணீர்த் தொட்டியைத் தேடிப் போகிறவர்களும் குறைவுதான். என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது தொட்டியைத்தான். 1909இல் வேலை தொடங்கி 1911இல் பயன்பாட்டுக்கு வந்தது. இரும்புத் தூண்கள் மேல் சுமார் 110 அடி உயரத்தில் 90 லட்சம் காலன், அதாவது ஏறத்தாழ 4 கோடி லிட்டர் தண்ணீர். எடை 40,000 டன். கீழே இருப்பதோ கங்கைச் சமவெளியின் இளகிய வண்டல் மண்!

தண்ணீரை இவ்வளவு மேலே ஏற்றுவானேன்? ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் கிடைக்கிறது. தெருக்குழாய்களில் தண்ணீரைத் தள்ளுவது இந்த அழுத்தம்தான். பம்பு வைத்து நேரே தள்ளலாமே என்றால், தள்ளலாம். ஆனால் ஊர் முழுக்கக் காலையில்தான் குளிக்கிறது, சமைக்கிறது. நள்ளிரவில் குழாய் சீந்துவாரின்றிக் கிடக்கிறது. பம்புக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகாது. ஒரே சீராக ஓடினால்தான் செலவும் குறையும், தேய்மானமும் குறையும். ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்வது மேலே இருக்கும் தொட்டியின் வேலை.

டாலாவில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு: தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் ஒரே குழாயில். ஹூக்ளி ஆற்று நீர் பல்தாவில் சுத்திகரிக்கப்பட்டு டாலாவுக்கு வருகிறது. அங்குள்ள பம்புகள் தள்ளுவதில் ஊர் எடுத்ததுபோக மிச்சம் இருந்தால் அது தானாக மேலே ஏறுகிறது. ஊரின் தேவை கூடினால் மேலே இருப்பது தானாக இறங்குகிறது. ஏற்றுவதா இறக்குவதா என்று யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. கணினி என்ற பேச்சே இல்லாத காலத்துத் தானியங்கி இது.

1934இல் பீகாரைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கத்தையும், இரண்டாம் உலகப் போரில் நகரின் மேல் விழுந்த ஜப்பானியக் குண்டுகளையும் தாண்டித் தொட்டி நிற்கிறது. துருவுக்கு மட்டும் தப்ப முடியாது. அதற்கும் கட்டியவர்கள் வழி வைத்திருக்கிறார்கள்: உள்ளே நான்கு அறைகள். ஒன்றை வடித்துவிட்டு ஆட்கள் இறங்கிச் சுரண்டித் தகடு மாற்றும்போது, மற்ற மூன்றிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.