சொட்டு மருந்தா, சிரப்பா?

போன மாதம் ஒரு வயதுப் பேரனுக்கு நடுராத்திரியில் நல்ல ஜுரம். அலமாரியிலிருந்த பாரசிட்டமால் புட்டியை எடுத்து, வழக்கமாகக் கொடுக்கும் 5 மில்லியை அளந்து சங்கில் ஊற்றினேன். "ஐயோ, நில்லும்மா! அது சிரப் இல்லை, டிராப்ஸ்!" என்று மகள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரே மருந்துதானே, இதிலென்ன என்று நினைத்தேன். இரண்டு புட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது! சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். டிராப்ஸில் 1 மில்லிக்கே 100 மில்லிகிராம். நான் ஊற்றியது 500 மில்லிகிராம். அதாவது பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் முழு மாத்திரை ஒன்று! அளவு மிஞ்சினால் கெடுவது குழந்தையின் கல்லீரல்.

சிரப்பிலும் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ளது தனியாக உண்டு. ஆகவே சகோதரிகளே, பெயரை மட்டும் பார்த்து ஊற்றிவிடாதீர்கள். எத்தனை மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று லேபிளைப் படியுங்கள். புட்டியை டாக்டரிடமே காட்டி, குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். டிராப்ஸுக்கு அதன் டிராப்பர், சிரப்புக்கு அதன் அளவு மூடி. சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம்!