எம்.பி.ஏ. வாசலும் உத்திரமேரூர்ப் பட்டதாரியும்

ஊர்க் காரியத்தை நிர்வகிக்க வருகிறவனுக்கு என்னென்ன யோக்கியதை வேண்டும் என்பதைக் கல்லிலே வெட்டி வைத்திருக்கும் ஊர் உத்திரமேரூர். காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறித்த சாசனங்கள் இன்றும் இருக்கின்றன. பள்ளிக்கூடப் பாடத்தில் ‘குடவோலை முறை’ என்று படிக்கிறோமே, அந்தச் சாசனங்கள்தாம்.

921-ஆம் ஆண்டுச் சாசனத்தின் நிபந்தனைகள் இலேசானவை அல்ல. வயது 35-க்கு மேல், 70-க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் கட்டிய வீடு. வேத சாஸ்திரப் படிப்பு. அந்தப் படிப்பு மிகுதியாக இருந்தால் அரைக்கால் வேலி நிலம் போதும் என்று ஒரு சலுகை. காரியத்தில் சாமர்த்தியம் வேண்டும். பணத்தில் கை சுத்தம் வேண்டும். முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவன் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுக்கோ என்றைக்கும் இடமில்லை. அவனுடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை!

30 குடும்புகளிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். விவரம் அறியாத சிறு பையன் ஒருவன் ஓலையை எடுத்தான். ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி, சபையார் காது கேட்க வாசித்தார் மத்தியஸ்தர். அப்படித் தேர்ந்தவர்களுக்கு 360 நாள் பதவி.

இதைப் புகழ்ந்து பேசாத மேடை இல்லை. ஆனால் அது சதுர்வேதி மங்கலம். பெயர் எழுதப்பட்டவர்கள் நிலமும் வேதப் படிப்பும் உடைய அந்தணர்கள், ஆண்கள். ஏரிக்கரையில் மண் சுமந்தவனுக்கும், கழனியில் நாற்று நட்டவளுக்கும் குடத்திலே ஓலை கிடையாது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் சரித்திரம் முழுமையாகும்.

இந்தக் கட்டுரைக்கு அந்தச் சாசனத்தில் வேண்டியது ஒரே ஒரு விஷயம். தகுதியுள்ளவன் யார் என்று குடும்புக்குத் தெரியும். குடும்பே அவன் பெயரை ஓலையில் ஏற்றியது. இன்று நிர்வாகம் படிக்க விரும்பும் இளைஞனின் பெயரை யாரும் ஏற்ற மாட்டார்கள். வாசல் எங்கே இருக்கிறது, எப்போது திறக்கிறது என்பதை அவனே அறிந்து கொள்ள வேண்டும். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லை. இதைச் சொல்லிக் கொடுக்கும் ஆளுக்குத்தான் பஞ்சம்.

செங்கல் கட்டடமும் மூன்று லட்சம் பேரும்

தேசத்தில் நிர்வாகப் படிப்பு என்றால் முதலில் வாயில் வருவது ஐ.ஐ.எம். என்று சொல்லப்படும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள். 1961 நவம்பரில் கல்கத்தாவிலும், அடுத்த மாதமே ஆமதாபாத்திலும் இவை பிறந்தன. கல்கத்தாவுக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும், ஆமதாபாத்துக்கு ஹார்வர்டும் கை கொடுத்தன. ஆமதாபாத் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் விக்கிரம் சாராபாய் முக்கியமானவர். அதன் செங்கல் கட்டடங்களை வடிவமைத்தவர் லூயி கான். கோயம்புத்தூரில் பிறந்து, லயோலா கல்லூரியில் பௌதிகம் படித்து, பின்னால் உலகப் புகழ் பெற்ற சி.கே. பிரகலாத் அங்கே முதல் அணியில் படித்துத் தேறியவர். சென்னையில் படித்த இந்திரா நூயி கல்கத்தாவின் மாணவி.

2011-இல் திருச்சிக்கும் ஒரு ஐ.ஐ.எம். வந்தது, புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. 2023-இல் மும்பையையும் சேர்த்து எண்ணிக்கை 21 ஆயிற்று. வெகு காலம் இவை டிப்ளமாதான் கொடுத்தன என்பது பலருக்குத் தெரியாது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018-இல் அமலுக்கு வந்த பிறகே எம்.பி.ஏ. பட்டம் வழங்கும் அதிகாரம் கிடைத்தது.

இங்கே நுழைய எழுத வேண்டிய பரீட்சை ‘கேட்’. என்ஜினீயர்கள் எழுதும் இன்னொரு ‘கேட்’டும் இருக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. ஆகவே பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடச் சொல்கிறவர்கள் ‘எம்.பி.ஏ.வுக்கு’ என்று இரண்டு தரம் அழுத்திச் சொல்லுவது நல்லது!

ஏதாவது ஒரு பட்டப் படிப்பில் 50 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 45 சதவீதம் போதும். கடைசி ஆண்டில் படித்துக் கொண்டிருப்பவர்களும் எழுதலாம். நிலம் வேண்டாம், சொந்த வீடு வேண்டாம், வயது வரம்பும் இல்லை. பி.ஏ. தமிழ் படித்தவருக்கும் தடையில்லை.

பரீட்சை இரண்டு மணி நேரம், கம்ப்யூட்டரில். ஆங்கில வாசிப்பு, தகவல்களை அலசித் தர்க்கம் செய்தல், கணக்கு என்று மூன்று பகுதிகள். பகுதிக்கு 40 நிமிஷம். சரியான விடைக்கு 3 மார்க்கு. விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 மார்க்கு பறிபோகும். விடையைத் தானே டைப் செய்யும் கேள்வியில் தவறினால் நஷ்டமில்லை. கணக்குப் பெரும்பாலும் பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் அதைப் போடும் வேகம் பள்ளிக்கூட வேகமல்ல.

2024-இல் பதிவு செய்தவர்கள் சுமார் 3.29 லட்சம், எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம். முடிவை ‘பர்சென்டைல்’ என்று கொடுப்பார்கள். இது சதவீதம் அல்ல. 99 பர்சென்டைல் என்றால் நூற்றுக்கு 99 பேரை முந்தியவர் என்று பொருள். அப்படி முந்தியவர்களே மூவாயிரம் பேருக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பார்கள். ஆமதாபாத்தில் எம்.பி.ஏ.வுக்கு இடமோ சுமார் 400!

பத்தாம் வகுப்பில் தொடங்கிய விண்ணப்பம்

பரீட்சையில் நன்றாக எழுதினால் போதும் என்று நினைக்கிறவர்கள்தான் அநேகர். விஷயம் அப்படியில்லை. ஆமதாபாத்தில் சமீப ஆண்டுகளில் நேர்முகத் தேர்வுக்கு ஆள் பொறுக்கும்போது, நூற்றுக்கு 65 பங்குதான் கேட் பரீட்சைக்கு. மீதி 35 பங்கு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப் படிப்பு ஆகியவற்றின் மார்க்குகளையும் வேலை அனுபவத்தையும் வைத்துப் போடும் கணக்கு. மற்ற ஐ.ஐ.எம்.களிலும் அளவு கூடிக் குறைந்தாலும் பழைய மார்க்குகளைப் புரட்டிப் பார்க்காத இடம் அரிது.

கிராமத்துப் பையன் ஒருவன், கல்லூரிக் கடைசி ஆண்டில், 21 வயதில் முதன் முதலாக ஐ.ஐ.எம். என்ற பெயரைக் கேள்விப்படுகிறான் என்று வைத்துக் கொள்வோம். அவன் விண்ணப்பத்தின் ஒரு பகுதி அதற்கு ஆறு வருஷம் முன்பே எழுதி முடிந்து விட்டது! அறுவடைக்கு ஆள் கிடைக்காத மாதத்தில் பள்ளிக்குப் போகாமல் வயலில் நின்றதும், கணக்கு வாத்தியார் மாற்றலாகி அடுத்தவர் வர நாளானதும் அந்த மார்க்கில் அடங்கியிருக்கின்றன. நகரத்துப் பையனுக்கு இந்த விவரத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே அண்ணனோ அத்தை மகனோ சொல்லியிருப்பார்கள். இரண்டு பேரும் ஒரே தராசில் ஏறுகிறார்கள். ஒருவனுக்குத் தராசு இருப்பதே தெரியாது. மத்திய ஒதுக்கீடு இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு சரி செய்கிறது. தெரியாத குறையை அதுவும் சரி செய்யாது.

வேலை அனுபவம் என்ற கணக்கு மட்டும் இந்தப் பக்கத்து இளைஞர்களுக்குச் சாதகமானது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பட்டதாரிகள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர்! பட்டம் பெற்ற பிறகு பார்த்த முழு நேர, சம்பள வேலை கணக்கில் சேரும். நியமன உத்தரவையும் சம்பளச் சீட்டுகளையும் தகரப் பெட்டியில் பத்திரமாக வைக்க வேண்டும், அவ்வளவே.

தாலுகா ஆபீசில் ஒரு கண்ணி

மத்திய ஒதுக்கீட்டில் தாழ்த்தப்பட்டோருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்பட்டோருக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 வரை, மாற்றுத் திறனாளிகளுக்கு 5 என்று இடங்கள் உண்டு.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். கல்லூரியில் சேரும்போது காட்டிய பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசுப் பட்டியலின்படி, மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவைச் சேர்ந்தவரல்ல என்று வருமானத்தையும் பார்த்துக் கொடுக்கும் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் மனுச் செய்ய வேண்டும். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாலுகா ஆபீஸ் என்று மனு நடந்து வர நாளாகும். விண்ணப்பக் கெடு முடிந்த பிறகு ஒதுக்கீட்டுப் பிரிவை மாற்ற விடமாட்டார்கள். பிரிவைத் தவறாகக் குறித்தவர் பொதுப் போட்டியில்தான் நிற்க வேண்டும். மூளையால் தோற்றால் மனம் ஆறும்; ஒரு காகிதத்தால் தோற்பது வேதனை அல்லவா?

பரீட்சையில் தேறினால் நேர்முகத் தேர்வு; ஆமதாபாத்தில் எழுத்துச் சோதனை ஒன்றும் உண்டு. எல்லாம் ஆங்கிலம். பள்ளிக்கூட ஆங்கிலத்தோடு வருகிறவர் இங்கே தடுமாறுவது இயல்புதான். அலங்கார இங்கிலீஷ் அங்கே தேவையில்லை. சொல்வதைத் தெளிவாகச் சொன்னால் போதும். பத்திரிகை வாசிப்பைத் தினசரிப் பழக்கமாக்கிக் கொண்டவருக்கு அது கைவரும். சொந்த ஊரைப் பற்றிக் கேட்பது அங்கே சகஜம். உத்திரமேரூர் என்று சொல்லுகிறவருக்கு ஓலைக் குடத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தெரியாவிட்டால் வெட்கக்கேடு!

இட்லிக் கூடையிலிருந்து ஆமதாபாத்

இதெல்லாம் ஏழைக்கு எட்டுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் வெகு தூரத்தில் இல்லை. 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேரும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது மடிப்பாக்கம். அங்கே குடிசைப் பகுதியில் வளர்ந்தவர் சரத்பாபு. தாயார் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தார். காலையில் இட்லி விற்றார். மாலையில் முதியோர் கல்வி வகுப்பு எடுத்தார். பையனும் இட்லிக் கூடை சுமந்தான். கோடை விடுமுறையில் புத்தகம் பைண்டு செய்து பணம் சேர்த்தான். பிலானியில் என்ஜினீயரிங் இடம் கிடைத்தபோது சகோதரியின் நகைகள் அடகுக்குப் போயின. படிப்பு முடிந்ததும் சாப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து கடனை அடைத்தார்.

கேட் பரீட்சை அவருக்கு முதல் தடவையில் வாய்க்கவில்லை. மூன்றாவது தடவையில்தான் ஆமதாபாத் வாசல் திறந்தது. 2006-இல் அங்கே தேறியதும் கம்பெனி வேலைகளைத் தேடாமல் ‘புட்கிங்’ என்ற உணவு நிறுவனத்தைத் தொடங்கினார். தொடங்கி வைத்தவர் இன்போசிஸ் நாராயண மூர்த்தி. 2009-இல் தென் சென்னைத் தொகுதியில் பாராளுமன்றத் தேர்தலுக்கும் நின்றார். பத்திரிகைகள் இட்லிக் கதையைத்தான் பெரிதாகப் போட்டன. வேலைக்கும் போய்க் கொண்டு மூன்று தடவை பரீட்சை எழுதிய சங்கதிக்கு அத்தனை இடம் கிடைக்கவில்லை. கிராமத்துப் பட்டதாரிக்குப் பயன்படுவதோ அதுதான்.

பணத்துக்கு என்ன வழி?

ஆமதாபாத்தில் 2024-இல் சேர்ந்தவர்களுக்கு இரண்டு வருஷக் கட்டணம் சுமார் 25 லட்சம் ரூபாய். உத்திரமேரூரில் ஒரு விவசாயி இந்தத் தொகையைக் காதால் கேட்டதும் பிள்ளையை எழுந்து போகச் சொல்லுவார்; அவரைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் இந்தப் படிப்புக்கு நிலத்தை விற்க வேண்டியதில்லை. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், சிறந்த கல்வி நிறுவனங்களில் இடம் பெற்றவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் வங்கிக் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து வேறு அரசு உதவி பெறாதவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு மத்திய அரசின் ‘டாப் கிளாஸ்’ உதவித் தொகை இருக்கிறது. நிறுவனத்துக்கு இத்தனை பேர் என்று அளவு உண்டு. ஐ.ஐ.எம்.களும் வருமானத்தைப் பார்த்துத் தாமே உதவுகின்றன.

ஐ.ஐ.எம். கிடைக்காவிட்டால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் ‘டான்செட்’ இருக்கிறது. 2 மணி நேரத்தில் 100 கேள்விகள். அந்த மார்க்கை வைத்து, தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு எம்.பி.ஏ. இடங்களுக்குக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி மூலம் கலந்தாய்வு நடக்கிறது. அரசு, பல்கலைக்கழகக் கல்லூரிகளில் கட்டணம் ஐ.ஐ.எம். கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான். கேட் எழுதுகிறவர் இதையும் எழுதி வைப்பது புத்திசாலித்தனம். கணக்கும் ஆங்கிலமும் இரண்டுக்கும் பொது.

கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டு தொடக்கத்தில் இணையதளத்தில் திறந்து செப்டம்பரில் மூடும். பரீட்சை நவம்பர் கடைசி வாக்கில் ஒரு ஞாயிறு. 2025-இல் கட்டணம் 2,600 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 1,300. தபாலில் எதுவும் வராது. தகவல் எல்லாம் இ-மெயிலுக்கும் போனுக்கும்தான். ஆகவே விண்ணப்பத்தில் பிரவுசிங் சென்டர்காரரின் நம்பரைக் கொடுக்காமல் சொந்த நம்பரைக் கொடுக்க வேண்டும். ஓ.பி.சி. சான்றிதழ் நடப்பு நிதியாண்டினதாக இருக்க வேண்டும் என்பதால், ஏப்ரல் பிறந்ததும் மனுப் போட்டால் ஆகஸ்டுக்குள் கைக்கு வந்து சேரும்.