பன்னிரண்டு ஆம்பியர் காற்று

வட அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் மத்திய மேற்குப் பகுதியிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேப்பிள், ஓக் முதலிய மரங்கள் இலைகளை உதிர்த்துவிடுகின்றன. அவ்விலைகள் புல்தரையின்மேல் வாரக்கணக்கில் ஈரத்தோடு படிந்து கிடந்தால் அடியிலுள்ள புல் வெளிச்சமின்றி வெளுத்து அழுகுவதாலும், வாசலிலிருந்து தெருவரை நீளும் கார்ப்பாதையில் அவை நனைந்து வழுக்குவதாலும், தனி வீடுகளில் வாழ்வோர்க்கு இலை அகற்றுதல் ஆண்டுதோறும் தவிர்க்க இயலாத வேலையாகிறது. இவ்வேலையை வாருகோலிடமிருந்து பெரும்பாலும் பறித்துக்கொண்ட கருவியே லீஃப் ப்ளோவர் என்று கடைகளில் விற்கப்படும் இலை ஊதி. பெட்ரோலில் ஓடுவது, பேட்டரியில் ஓடுவது, சுவரிலுள்ள பிளக் பாயிண்டிலிருந்து வயர் இழுத்து ஓட்டுவது என்று மூவகையாக இது கிடைக்கிறது. இவற்றுள் விலையில் குறைந்ததும், விளம்பரங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதுமான மூன்றாம் வகையே சிறிய, நடுத்தர மனைகளுக்குப் பல வேளைகளில் பொருத்தமானது.

வயர் இணைப்புள்ள ஊதிகளின் விவரப் பட்டியல்களை ஒப்பிடுவோர் முதலில் கவனிப்பது, ஏறத்தாழ எல்லாத் தயாரிப்புகளிலும் மின்னோட்டம் 12 ஆம்பியர் என்றே குறிக்கப்பட்டிருப்பதுதான். இது தற்செயலன்று. அமெரிக்க வீடுகளின் சாதாரணப் பிளக் பாயிண்ட் 120 வோல்ட் அழுத்தத்தில் 15 ஆம்பியர் சுற்றில் அமைந்தது. தொடர்ந்து ஓடும் சுமைக்கு அச்சுற்றின் கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றலாகாது என்பது மின்பொறியாளர் கைக்கொள்ளும் விதி. 15இல் 80 விழுக்காடு 12. ஆகவே சந்தையிலுள்ள வலுவான ஊதிகள் அனைத்தும் 1,440 வாட் என்னும் ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன. பெட்டியின் மேல் அச்சிடப்படும் மற்ற எண்கள் எவ்வளவு பெரிதாக இருப்பினும், அவை இந்த 1,440 வாட்டை எவ்வாறு பங்கிட்டுச் செலவழிப்பது என்பதில் வடிவமைப்பாளர் எடுத்த முடிவை மட்டுமே காட்டுகின்றன.

அவ்வெண்கள் இரண்டு. முதலாவது, ஒரு நிமிடத்தில் குழலிலிருந்து வெளிவரும் காற்றின் கன அளவு. இது கன அடியில் கணக்கிடப்பட்டு சிஎஃப்எம் என்று எழுதப்படுகிறது. இரண்டாவது, அக்காற்றின் வேகம். இது மணிக்கு இத்தனை மைல் என்று சொல்லப்படுகிறது. வாங்குவோரின் கண்ணை ஈர்ப்பது வேகமே என்பதால் 250 மைல் போன்ற எண்கள் பெரிய எழுத்தில் அச்சாகின்றன. ஆனால் தோட்டக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் நீர் சீறிப் பாய்வதுபோல, குழலின் முனையைக் குறுக்கினாலே வேகம் கூடிவிடும் என்பதால், அந்த எண் மட்டும் கருவியின் திறனுக்குச் சான்றாகாது.

இதை எளிய கணக்கொன்றால் சோதிக்கலாம். ஓடும் காற்று ஒரு வினாடியில் சுமக்கும் இயக்க ஆற்றல், காற்றின் அடர்த்தியையும் ஒரு வினாடிக்குரிய கன அளவையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் கிடைப்பது. 250 மைல் வேகமும் 350 சிஎஃப்எம் அளவும் உடையதாகச் சொல்லப்படும் ஊதியை எடுத்துக்கொண்டால், வேகம் வினாடிக்கு 112 மீட்டர், கன அளவு வினாடிக்கு 0.165 கன மீட்டர், காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ என்ற கணக்கில் விடை ஏறத்தாழ 1,240 வாட். உள்ளே செல்லும் மின்சாரமே 1,440 வாட்தான். மோட்டாரிலும் விசிறியிலும் அதில் பாதியளவேனும் வெப்பமாகவும் சுழலாகவும் வீணாவது உறுதி. ஆதலால் அவ்விரு எண்களும் ஒரே குழல்முனையில் ஒரே நேரத்தில் பெறப்பட்டவையல்ல, குறுகிய முனையை மாட்டி வேகத்தையும் அகன்ற முனையை மாட்டியோ முனையே இல்லாமலோ கன அளவையும் தனித்தனியே அளந்து அருகருகே அச்சிட்டிருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டியுள்ளது. மாறாக, 110 மைல், 600 சிஎஃப்எம் என்று அறிவிக்கும் ஊதிக்கு இதே கணக்கு சுமார் 410 வாட்டைத் தருகிறது, அது நம்பத்தக்கது.

இலையைத் தள்ளுவது இறுதியில் விசையே. விசை என்பது அடர்த்தி, கன அளவு, வேகம் ஆகியவற்றின் பெருக்கம். இதில் வேகத்துக்கு வர்க்கம் இல்லை. எனவே காற்றுக்கு 400 வாட் ஆற்றல் ஏற்ற வல்ல ஒரு மோட்டார், அதை வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் அகன்ற தாரையாக விட்டால் 16 நியூட்டன் விசையும், 100 மீட்டர் வேகத்தில் மெல்லிய தாரையாக விட்டால் 8 நியூட்டன் விசையும் கிடைக்கும். மேலும், குழலை விட்டு வெளியேறும் தாரை சுற்றியுள்ள அசையாக் காற்றையும் தன்னோடு இழுத்துச் செல்வதால் போகப்போக வேகம் இழக்கிறது; மெல்லிய தாரை விரைவிலும், அகன்ற தாரை மெதுவாகவும் அவ்வாறு தளர்கின்றன. ஊதியை இடுப்பளவில் பிடித்து ஒன்றரை மீட்டர் தொலைவிலுள்ள உலர்ந்த சருகுக் குவியலை நகர்த்துபவருக்கு எனவே சிஎஃப்எம் மிகுந்த கருவியே உதவும். கார்ப்பாதையின் சிமெண்டில் நீர்ப்படலத்தால் ஒட்டிக்கொண்ட ஒற்றை ஓக் இலையைப் பெயர்ப்பதற்கும், பலகைத் தளத்தின் இடுக்குகளில் சிக்கிய பைன் ஊசிகளைக் கிளப்புவதற்கும் மட்டுமே அருகில் பிடித்த குறுகிய முனையின் வேகம் தேவைப்படுகிறது. கழற்றி மாட்டத்தக்க தட்டை முனை ஒன்று உடன் வந்தால் அதுவே போதும். ஏஎன்எஸ்ஐ பி175.2 என்னும் அமெரிக்கத் தர விதி ஊதும் விசையை நியூட்டனில் அளக்கும் முறையை வகுத்துள்ளது. பெட்டியில் அந்த எண் இருந்தால் மற்ற இரண்டையும் படிக்கவே வேண்டியதில்லை, எனினும் வீட்டு உபயோகக் கருவிகளின் பெட்டிகள் அதைச் சொல்வதில் காட்டும் கூச்சம் வியப்புக்குரியது.

விசிறியின் அமைப்பு இருவகைப்படும். தண்டின் திசையிலேயே காற்றைத் தள்ளும் நேரோட்ட விசிறி, நீண்ட குழலுக்குள் அடங்கி, எடை குறைவாக நின்று, கன அளவை மிகுவிக்கிறது. நடுவில் உறிஞ்சிக் காற்றைப் பக்கவாட்டில் வீசும் இம்பெல்லர் என்னும் சுழலி, நத்தை ஓடு போன்ற கூட்டுக்குள் சுழன்று அழுத்தத்தை மிகுவிக்கிறது. ஊதுவதோடு இலையை உறிஞ்சிப் பொடியாக்கித் துணிப்பையில் சேர்க்கும் கருவிகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இலைகள் இம்பெல்லரின் ஊடாகவே செல்வதால் அது உலோகமா பிளாஸ்டிக்கா என்பது முக்கியமாகிறது, ஏனெனில் சருகோடு உள்ளே போகும் ஒரு ஓக் கொட்டையோ கூழாங்கல்லோ பிளாஸ்டிக் இதழை உடைத்துவிடும். ஈர இலைகளை இவை ஏற்பதில்லை. குழாயில் கூழாகி அடைத்துக்கொள்ளும். உதிர்ந்த இலைகளுக்குள்ளேயே லூனா அந்துப்பூச்சியின் கூடுகளும் மின்மினியின் இளம்புழுக்களும் குளிர்காலத்தைக் கழிப்பதால், மரத்தடிச் சருகையும் சேர்த்து உறிஞ்சிப் பொடியாக்குவது தேவையற்ற கொலையே ஆகும். புல்தரையையும் பாதையையும் துப்புரவாக்கினாலே வேலை முடிந்துவிடுகிறது.

எக்ஸ்டென்ஷன் வயர் கருவியோடு பெட்டியில் வருவதில்லை. ஆனால் அதை ஊதியின் ஓர் உறுப்பாகவே கருதி வாங்க வேண்டும். அமெரிக்காவில் வயரின் தடிமன் கேஜ் என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது; எண் குறையக் குறையத் தாமிரம் தடிக்கும். நூறு அடி நீளமுள்ள 16 கேஜ் வயரில், போகவும் வரவும் சேர்த்து, மின்தடை 0.8 ஓம், 12 ஆம்பியர் ஓடும்போது அதிலேயே 9.6 வோல்ட் வீழ்ச்சியடைந்து, 115 வாட் வெப்பமாகிறது. வயர் தரையில் விரிந்து கிடந்தால் அவ்வெப்பம் காற்றில் கலந்துவிடும். சுருள் பிரிக்காமல் பாதியை இழுத்துப் பயன்படுத்தினால் சுருளின் உட்பகுதி சூடேறி உறையே இளகக்கூடும். அதே நீளத்தில் 14 கேஜ் வயர் 6 வோல்ட்டையும், 12 கேஜ் வயர் 4 வோல்ட்டுக்கும் குறைவாகவும் இழக்கின்றன. ஐம்பது அடிக்கு 16 கேஜும் நூறு அடிக்கு 14 கேஜும் வழக்கமான அளவுகள். உறையின்மேல் அச்சிட்ட எழுத்துத் தொடரில் ‘டபிள்யூ’ என்ற ஓரெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெயிலும் மழையும் தாங்கி வெளிப்புறத்தில் பயன்படுத்தத்தக்கது என்பதற்கு அதுவே அடையாளம். நூறு அடிக்கு அப்பாலும் மனை நீளுமானால் வயரை மேலும் நீட்டுவதைவிடப் பேட்டரிக்கு மாறுவதே அறிவுடைமை. ஆனால் கால் ஏக்கர் மனையில் அத்தேவை பெரும்பாலும் எழாது. பேட்டரியின் எல்லையும் கணக்கில் தெளிவாகவே தெரிகிறது: 250 வாட்-மணி கொள்ளளவுள்ள ஒரு நல்ல பேட்டரி 1,440 வாட்டுக்கு ஈடுகொடுத்தால் பத்து நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்னழுத்தம் 230 வோல்ட் ஆதலால் அதே வேலைக்கு மின்னோட்டம் ஏறத்தாழப் பாதியாகிறது, வயரில் இழப்பும் அதற்கேற்பச் சுருங்குகிறது. ஆனால் தமிழகக் கடைகளில் ப்ளோவர் என்று மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 500 முதல் 800 வாட் வரையுள்ள, கணினியிலும் பட்டறையிலும் தூசி போக்கும் குறுமுனைக் கருவிகளே என்பதால், வேப்பஞ்சருகு நிறைந்த முற்றத்துக்கு அவை போதா.

வெளிப்புறப் பிளக் பாயிண்டில் ஜிஎஃப்சிஐ எனப்படும் பாதுகாப்புச் சாதனம் இருத்தல் இன்றியமையாதது. போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் இது ஓயாமல் ஒப்பிட்டு, இடையில் 5 மில்லி ஆம்பியர் அளவு வேறு வழியில், அதாவது ஈரத்தரையில் நிற்பவரின் உடல் வழியாக, கசிந்தாலும் நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. அமெரிக்க மின் விதித்தொகுப்பு புதிய வீடுகளின் வெளிப்புறங்களுக்கு இதை 1973 முதல் கட்டாயமாக்கியுள்ளது. சதுரத்துக்குள் சதுரம் வரைந்த சின்னம் கருவியின் உடலில் இருந்தால் அது இரட்டை மின்காப்பு உடையது என்று பொருள்; இத்தகைய கருவிகளுக்கு எர்த் பின் இல்லாதது குறையன்று. கைப்பிடியின் பின்னால் வயரை வளைத்து மாட்டும் கொக்கி இருக்கிறதா என்பது அற்பமான விவரம்போலத் தோன்றும். நான்கு அடிக்கொருமுறை பிளக் உருவிக்கொள்ளும் கருவியைப் பயன்படுத்தியவர்கள் அதை முதலில் தேடுவார்கள்.

மின் ஊதிக்கு ஆதரவு பெருகியதற்குச் சட்டமும் ஒரு காரணம். கலிஃபோர்னியாவின் கார்மெல் நகரம் 1975இலேயே ஊதிகளுக்குத் தடை விதித்தது. லாஸ் ஏஞ்சலிஸ் 1998இல் குடியிருப்புகளிலிருந்து 500 அடிக்குள் பெட்ரோல் ஊதிகளைத் தடுத்தது. தலைநகர் வாஷிங்டனில் 2022 ஜனவரி முதல் அவற்றைப் பயன்படுத்துவதே குற்றம். பெட்ரோல் ஊதிகள் பலவற்றிலுள்ள இரு வீச்சு எஞ்சின் எரியாத எரிபொருளின் ஒரு பகுதியைப் புகையோடு வெளியே தள்ளிவிடுகிறது. அரை மணி நேரம் ஓடும் அத்தகைய ஊதி வெளியிடும் ஹைட்ரோகார்பன், ஃபோர்ட் ராப்டர் சரக்கு வண்டி 3,900 மைல் ஓடி வெளியிடுவதற்குச் சமம் என்று எட்மண்ட்ஸ் வாகன இணையதளம் 2011இல் செய்த சோதனை காட்டியது. மின் ஊதியில் புகை இல்லை, ஆனால் இரைச்சல் உண்டு. பெட்டியில் காணும் 65 டெசிபல் போன்ற எண் 50 அடி தொலைவில் அளக்கப்பட்டது, ஆகவே அது அண்டை வீட்டாருக்கானது. ஓட்டுபவரின் காதுக்கு ஒலிமூலம் ஒரு மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொண்டால் சுமார் 24 டெசிபல் கூட்டி, 89 என்றே மதிப்பிட வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு 85 என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பாதலால் காதடைப்பான் தேவை.

அந்த இரைச்சல் காற்றை மட்டுமன்றி மோட்டாரையும் சார்ந்தது. அமெரிக்க வீட்டு மின்சாரத்தின் வினாடிக்கு 60 சுழற்சியில் சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் நிமிடத்துக்கு 3,600 சுற்றுகளைத் தாண்ட முடியாது. கைக்கடக்கமான விசிறிக்கு அது போதாது என்பதால், கார்பன் பிரஷ் வழியே சுழலும் ஆர்மேச்சருக்கு மின்சாரம் ஊட்டி 15,000 சுற்றுகளுக்கு மேல் ஓடும் யுனிவர்சல் மோட்டாரே பெரும்பாலான வயர் ஊதிகளில் பொருத்தப்படுகிறது. பிரஷ் தேயும் பொருள். காற்றுத் துளைகளின் வழியே தெரியும் நீலப்பொறி நாளடைவில் பெரிதானால் பிரஷின் ஆயுள் முடிகிறது என்று பொருள். பிரஷ் மூடி திருகாணியோடு வெளிப்புறத்திலேயே அமைந்த கருவியில் அதை வீட்டிலேயே மாற்றிவிடலாம். உடலைப் பிளந்தால்தான் எட்டும் கருவியைப் பெரும்பாலோர் அப்போது குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.