உங்களுக்குத் தெரியுமா? சுதைச் சிலைக்குள்ளும் எலும்பு உண்டு

கொங்கு நாட்டு ஊர் எல்லைகளில், ஆளுயரத்திலும் அதனினும் ஓங்கியும், அரிவாளேந்தி நிற்கும் முனியப்பன், கருப்பராயன் முதலிய சுதை உருவங்களுள் பல, உள்ளே இரும்புக் கம்பிகளாலான எலும்புக்கூட்டின் பலத்தாலேயே நிமிர்ந்து நிற்கின்றன. வெடிப்பின் வழியே மழைநீர் புகுந்து கம்பி துருப்பிடிக்குமாயின், துருவானது தன் மூல இரும்பைவிட இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும் சுபாவமுடையதாதலால், பூச்சு உள்ளிருந்தே பிளக்கிறது. மணிக்கட்டில் செம்பழுப்புக் கோடு படர்வதும், விரலால் தட்டினால் பொக்கென்று ஒலிப்பதும் அதன் பூர்வ லட்சணங்கள். மேற்பூச்சும் வர்ணமும் அந்நோயை மறைக்குமேயன்றித் தீர்க்கமாட்டா. கம்பி வெளிப்படுமளவு கொத்தி, துருவைச் சுரண்டி, இற்ற பகுதியை அறுத்துப் புதுக்கம்பியைப் பற்றவைத்த பின்னரே சுதை பூசுதல் வேண்டும். நியூயார்க் சுதந்திர தேவியின் செப்பு மேனியைத் தாங்கிய இரும்புச் சட்டங்களும், 1986-இல் நிறைவுற்ற ஜீர்ணோத்தாரணத்தின்போது துருப்பிடிக்காத எஃகால் மாற்றப்பட்டன. நம் ஊர்க்காவல் தெய்வங்களுக்கும் அத்தகைய சிரத்தை உரியதே.